ஜெர்மன் கற்போம்: ‘அன்கொமென்’ – வந்து சேரும் வினை

நம் சங்கக் குடும்பங்களில் ஜெர்மன் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சிலர் பள்ளியில் படிக்கிறார்கள். சிலர் மாக்ஸ் முல்லர் பவன் வகுப்புகளுக்குப் போகிறார்கள். மேற்படிப்புக்கும் செவிலியர் வேலைக்கும் ஜெர்மனி செல்ல ஆயத்தமாகிறவர்களும் உண்டு. இவர்களுடைய பெற்றோரில் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: “பிள்ளைக்கு ஏற்கெனவே இந்தி, ஆங்கிலம், இந்த மாநிலத்து மொழி, இப்போது ஜெர்மன். வீட்டில் தமிழ் பேசுவதையாவது குறைத்துச் சுமையை இறக்கலாமா?”

இதற்கு வெறும் உபதேசமாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. ஒரே ஒரு ஜெர்மன் வினைச்சொல்லை எடுத்து, அதன் பொருளையும் வழக்கையும் முழுதாகப் பார்ப்போம். பதில் தானே கிடைக்கும்.

நான் டிப்ளமோ படித்த ரயில்வேக்காரன். மொழி ஆராய்ச்சியாளன் அல்லன். 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து எல்.ஹெச்.பி. பெட்டிகள் நம் நாட்டுக்கு வந்தபோது, வரைபடங்களில் இருந்த ஜெர்மன் சொற்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் தேவை எங்களில் சிலருக்கு வந்தது. அப்படித் தொற்றிய ஆர்வம் இது. ஆகவே உதாரணங்களில் ரயில் அதிகம் ஓடினால் வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குறிப்பு. ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். இது நெருங்கிய ஒலிதானே தவிர, அச்சான ஒலி அல்ல. சரியான உச்சரிப்பை ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலைப் பிள்ளையின் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

‘கொமென்’ என்றால் வருதல். ‘அன்’ என்பது ஓர் இடத்தைத் தொட்டு நிற்பதைக் காட்டும் சிறு சொல். இரண்டும் சேர்ந்தால் ‘அன்கொமென்’, அதாவது வந்து சேர்தல்.

நம்முடைய ‘வந்து சேர்’ என்பதும் இரண்டு துண்டுகள் கொண்டதுதான். ‘வந்தது’ என்றால் வரவு மட்டும் தெரிகிறது. ‘வந்து சேர்ந்தது’ என்றால் பயணம் முடிந்துவிட்டது என்பதும் தெரிகிறது. ‘அன்’ செய்யும் வேலையும் இதுவே. நாமும் இந்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே வேறு சொல்லை நுழைக்கிறோம்: ‘வந்து ஒருவழியாகச் சேர்ந்தான்’ என்கிறோம். எனவே, ஒரு வினை இரண்டாகப் பிரிவது நமக்கு அதிசயம் அல்ல.

ஒரு வேறுபாடு உண்டு. நாம் ‘வந்து சேர்’, ‘போய்ச் சேர்’ என்று இரண்டு வைத்திருக்கிறோம். ஜெர்மனில் இரண்டுக்கும் ‘அன்கொமென்’ ஒன்றே. பயணம் புறப்படுகிறவரிடம் அவர்கள் ‘கொம் கூட் அன்!’ என்பார்கள். பத்திரமாகப் போய்ச் சேர் என்று வாழ்த்து. ‘போய்ச் சேர்ந்தார்’ என்பதற்கு நம் ஊரில் இருக்கும் இன்னொரு பொருள் அங்கே கிடையாது, தைரியமாகச் சொல்லலாம்!

உச்சரிக்கும்போது அழுத்தம் ‘அன்’ மீது விழும். இப்படி முன்துண்டின் மீது அழுத்தம் விழுந்தால், அந்த வினை பிரியக்கூடியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மொழி பயில்வோருக்கான அகராதிகள் சிலவற்றில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சிறு செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள். அதுவும் பிரியும் வினைக்கு அடையாளம்.

முதலில் தமிழ் வாக்கியம்

பாடநூல்களில் பொதுவாக இப்படி விதி இருக்கும்: ‘பிரியும் வினையின் முன்துண்டு கழன்று வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்.’ ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கும் பிள்ளைக்கு இது விசித்திரமாகப் படும். சேர்ந்திருந்த சொல்லை ஏன் உடைக்க வேண்டும், உடைத்ததை ஏன் கடைசியில் எறிய வேண்டும் என்று அது கேட்கும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனும், 1880-இல் வெளியிட்ட பயண நூலின் பின்னிணைப்பில், இந்தப் பிரியும் வினைகளை நன்றாகக் கேலி செய்திருக்கிறார். ‘புறப்பட்டான்’ என்று பொருள்படும் வினையின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு நீண்ட கதையையே அடைத்து வேடிக்கை காட்டியிருப்பார்.

நாம் வேறு பக்கத்திலிருந்து தொடங்குவோம். இந்தத் தமிழ்த் தொடரைப் பாருங்கள்:

ரயில் – எட்டு மணிக்கு – பெர்லினில் – வந்து சேரும் (என்று எனக்குத் தெரியும்).

இதையே ஜெர்மனில் சொல்வோம்:

(இஹ் வைஸ், டஸ்) டேர் ட்ஸூக் – உம் அஹ்ட் ஊர் – இன் பெர்லின் – அன்கொம்ட்.

‘இஹ் வைஸ்’ என்றால் எனக்குத் தெரியும். ‘டஸ்’ என்பது நம் ‘என்று’. ‘டேர் ட்ஸூக்’ ரயில். ‘உம் அஹ்ட் ஊர்’ எட்டு மணிக்கு. மணியைக் குறிக்கும் அவர்கள் சொல் நம் ‘ஊர்’ போலவே ஒலிக்கும், மறக்காது. ‘இன் பெர்லின்’ பெர்லினில். கடைசியில் ‘அன்கொம்ட்’ வந்து சேரும்.

நான்கு துண்டுகளும் ஒன்றுக்கு ஒன்று நேராக நிற்பதைக் கவனியுங்கள். எழுவாய், காலம், இடம், வினை – அதே வரிசை. ‘என்று’ மட்டும் நமக்குப் பின்னால் வருகிறது, அவர்களுக்கு முன்னால் வருகிறது. ஆங்கிலத்திலோ ‘ரயில் – வந்து சேரும் – பெர்லினில் – எட்டு மணிக்கு’ என்று எழுவாய்க்குப் பின் வருவதெல்லாம் தலைகீழாக இருக்கும்.

ஜெர்மன் துணை வாக்கியங்களில் வினை கடைசியில் நிற்கும். ‘அன்கொமென்’ அங்கே உடையாமல் முழுச் சொல்லாகவே இருக்கும். ‘என்று’, ‘ஏனென்றால்’, ‘போது’ முதலிய பொருள் தரும் இணைப்புச் சொற்களுக்குப் பின்னால் வரும் வாக்கியங்களெல்லாம் இப்படித்தான்.

எஞ்சின் மட்டும் இடம் மாறுகிறது

இப்போது தனி வாக்கியத்துக்கு வருவோம். ‘ரயில் எட்டு மணிக்குப் பெர்லினில் வந்து சேரும்.’ இதற்கு ஜெர்மன்:

டேர் ட்ஸூக் கொம்ட் உம் அஹ்ட் ஊர் இன் பெர்லின் அன்.

முந்தைய வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். ‘அன்’ எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. நகர்ந்தது ‘கொம்ட்’ மட்டுமே. அது கடைசி இடத்திலிருந்து கிளம்பி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. ஆகவே, ‘அன் கழன்று கடைசிக்குப் போகிறது’ என்று மனப்பாடம் செய்வதைவிட, ‘கொம்ட் கழன்று முன்னால் வருகிறது, அன் அசையவில்லை’ என்று புரிந்துகொள்வது எளிது.

எங்கள் ரயில்வே பாஷையில் சொன்னால் இது எஞ்சின் மாற்றுவது போன்றது. சில நிலையங்களில் வண்டி திசை மாற வேண்டியிருக்கும். அப்போது எஞ்சினைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாக ஓட்டிவந்து மறுமுனையில் மாட்டுவார்கள். பெட்டிகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜெர்மன் தனி வாக்கியத்திலும் காலமும் இடமும் காட்டும் விகுதியை ஏந்திய வினைத்துண்டுதான் எஞ்சின். அது ஓடிவந்து இரண்டாம் இடத்தில் மாட்டிக்கொள்கிறது.

இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் அல்ல, இரண்டாவது உறுப்பு. காலத்தை முதலில் வைத்துச் சொன்னால்:

உம் அஹ்ட் ஊர் கொம்ட் டேர் ட்ஸூக் இன் பெர்லின் அன்.

‘எட்டு மணிக்கு’ என்ற மூன்று சொற்களும் சேர்ந்து ஓர் உறுப்பு. அதன் பின் வினை. ஆம் அல்லது இல்லை என்று பதில் எதிர்பார்க்கும் கேள்வியானால் எஞ்சின் முதல் இடத்துக்கே வந்துவிடும்:

கொம்ட் டேர் ட்ஸூக் உம் அஹ்ட் ஊர் இன் பெர்லின் அன்?

‘எப்போது’ என்று கேட்டால்: வன் கொம்ட் டேர் ட்ஸூக் அன்?

எல்லாவற்றிலும் ‘அன்’ அதே கடைசி இடத்தில் நிற்பதைப் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

இடத்துக்கு ஏற்ப விகுதி மாறுவது நமக்குப் பழக்கமானதுதான்:

நான் வந்து சேர்கிறேன் – இஹ் கொமெ அன்
நீ வந்து சேர்கிறாய் – டூ கொம்ஸ்ட் அன்
அவன் வந்து சேர்கிறான் – ஏர் கொம்ட் அன்
நாங்கள் வந்து சேர்கிறோம் – வீர் கொமென் அன்
நீங்கள் (பலர், நெருங்கியவர்கள்) – ஈர் கொம்ட் அன்
அவர்கள் வந்து சேர்கிறார்கள் – ஸீ கொமென் அன்

மரியாதைக்குரிய ஒருவரை ‘நீங்கள்’ என்று அழைக்க, ‘அவர்கள்’ என்பதற்குரிய ‘ஸீ கொமென் அன்’ என்ற வடிவத்தையே பயன்படுத்துவார்கள். எழுத்தில் ‘ஸீ’யின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவார்கள். ஒருவரைப் பன்மையில் அழைப்பதே மரியாதை என்பதைத் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

துணைவினையும் இறந்தகாலமும்

வாக்கியத்தில் துணைவினை ஒன்று வந்துவிட்டால் அதுவே எஞ்சின் ஆகிவிடும். ‘அன்கொமென்’ பிரியாமல் கடைசியில் நிம்மதியாக நிற்கும்:

டேர் ட்ஸூக் ஸொல் உம் அஹ்ட் ஊர் அன்கொமென். ரயில் எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும்.

இறந்தகாலத்தைப் பேச்சில் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள்:

டேர் ட்ஸூக் இஸ்ட் அன்கெகொமென். ரயில் வந்து சேர்ந்துவிட்டது.

‘கொமென்’ என்பதன் இறந்தகால எச்சம் ‘கெகொமென்’. அதன் முன்னால் ‘அன்’ ஒட்டுவதால் ‘கெ’ நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது: அன்–கெ–கொமென். இங்கே வரும் துணைவினை ‘இரு’ என்று பொருள்படும் ‘இஸ்ட்’. ‘உடைத்தாயிரு’ என்ற பொருள் தரும் மற்றொரு துணைவினை இங்கே வராது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் சேரும் வினை இது. ‘வந்திருக்கிறது’ என்று நாம் ‘இரு’ சேர்ப்பதை நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

கதைகளிலும் செய்திகளிலும் இன்னொரு வடிவம் வரும்: டேர் ட்ஸூக் காம் உம் அஹ்ட் ஊர் அன். ரயில் எட்டு மணிக்கு வந்து சேர்ந்தது. இங்கே ‘காம்’ முன்னால், ‘அன்’ கடைசியில்.

‘வந்து சேர்வதற்கு’ போன்ற இடங்களில் ‘ட்ஸு’ என்ற சொல் வரவேண்டும். அதுவும் ‘கெ’ போலவே நடுவில் புகுந்துகொள்ளும்: அன்ட்ஸுகொமென். எழுதும்போது ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் செய்தியாக ஒரு வாக்கியத்தை எல்லோரும் கற்றுக்கொள்ளலாம்: வீர் ஸிண்ட் கூட் அன்கெகொமென். நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஊர் போய் இறங்கியதும் இன்லண்ட் லெட்டரில் முதல் வரியாக நாம் எழுதியது இதுவேதான். ஜெர்மானியர்கள் இதையும் சுருக்கி ‘கூட் அன்கெகொமென்’ என்று இரண்டே சொல்லில் அனுப்பிவிடுவார்கள்.

கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்

நம் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்புறம் ‘எல்.வி.’ என்ற பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய பெருக்கல் குறியும் இருக்கும். இரவில் சிவப்பு விளக்கு எரியும். அலங்காரத்துக்காக அல்ல. ரயில் நிலையத்தைக் கடக்கும்போது, கடைசிப் பெட்டி வந்துவிட்டதா என்று நிலைய ஊழியர் பார்ப்பார். அச்சுகளை எண்ணும் கருவிகள் வந்துவிட்ட பகுதிகள் தவிர, மற்ற இடங்களில் இந்த அடையாளத்தைக் கண்ட பிறகே ‘வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது’ என்று முடிவு செய்வார்கள். எஞ்சின் வந்ததை மட்டும் பார்த்து அடுத்த வண்டியை விட்டால் என்ன ஆகும்? நடுவழியில் கழன்று நிற்கும் பெட்டிகள் மீது அது மோதும்.

ஜெர்மன் வாக்கியத்தில் ‘அன்’ போன்ற முன்துண்டுதான் எல்.வி. பலகை. அதைக் கேட்காமல் பொருளை முடிவு செய்யக் கூடாது. இதோ ஓர் அறிவிப்பு:

டேர் ட்ஸூக் ஃபெல்ட் ஹொய்ட்டெ ஆவ்ஸ்.

‘ஹொய்ட்டெ’ என்றால் இன்று. ‘ஃபெல்ட்’ என்பதற்குத் தனியாக ‘விழுகிறது’ என்று பொருள். ஆனால் கடைசியில் ‘ஆவ்ஸ்’ வந்துவிட்டதால் வினை ‘ஆவ்ஸ்ஃபாலென்’ ஆகிவிடுகிறது. ரயில் இன்று ரத்து! அந்த ஒற்றை அசையைத் தவறவிட்டவர் பெட்டியோடு பிளாட்பாரத்தில் காத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று: இன் ஹம்புர்க் ஷ்டைகென் ஸீ பிட்டெ... ‘ஹம்புர்க்கில் தயவுசெய்து நீங்கள்’ என்பது வரை தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்? கடைசியில் ‘ஐன்’ என்றால் ஏறுங்கள். ‘ஆவ்ஸ்’ என்றால் இறங்குங்கள். ‘உம்’ என்றால் வேறு வண்டிக்கு மாறுங்கள். மூன்றும் ஒரே வினைத்துண்டோடு வரும் மூன்று முன்துண்டுகள். புறப்படுதலுக்கு ‘அப்’: டேர் ட்ஸூக் ஃபேர்ட் உம் நொய்ன் ஊர் அப். ரயில் ஒன்பது மணிக்குப் புறப்படும்.

ஜெர்மனியில் ரயில் நேரம் தவறாது, அறிவிப்பைக் கேட்கும் தேவையே வராது என்று எண்ண வேண்டாம். அந்நாட்டு ரயில்வேயான டொய்ச்செ பான் நிறுவனத்தின் கணக்குப்படி, 2024-இல் நெடுந்தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடு. ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை அவர்கள் தாமதமாகக் கணக்கிடுவதில்லை. ரத்தான ரயில்களும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ‘அன்கொமென்’ நடந்தால்தானே தாமதத்தை அளக்க முடியும்!

ஏ1 தேர்வின் கேட்டல் பகுதியில் இத்தகைய பொது இட அறிவிப்புகள் வருவதுண்டு. பாதி கேட்டதும் பதிலைக் குறித்துவிடும் பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் போகும். அங்கே வாழப்போகும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய நஷ்டங்கள் வரலாம். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பேசப்படும் வாக்கியங்களும் இதே அமைப்புத்தான்.

தமிழ் காதுக்கு இந்தப் பொறுமை ஏற்கெனவே உண்டு. ‘அவர் நேற்று நம் வீட்டுக்குச் சாப்பிட வர...’ என்பது வரை கேட்டுவிட்டு நாம் ஒன்றும் முடிவு செய்வதில்லை. ‘...வந்தார்’ ஆகலாம், ‘...வரவில்லை’ ஆகலாம், ‘...வரலாம் என்றிருந்தார்’ ஆகலாம். கடைசிச் சொல் வரும் வரை காத்திருக்க நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. வீட்டுப் பேச்சிலேயே அது வந்துவிடுகிறது.

ஊருக்கு அல்ல, ஊரில்

‘அன்கொமென்’ பயன்படுத்தும்போது ஓரிடத்தில் கவனம் வேண்டும். ‘நகரத்துக்குப் போகிறோம்’ என்பதற்கு ‘வீர் ஃபாரென் இன் டீ ஷ்டட்’ என்பார்கள். ‘நகரத்துக்கு வந்து சேர்கிறோம்’ என்பதற்கோ ‘வீர் கொமென் இன் டேர் ஷ்டட் அன்’. ‘டீ’ என்பது ‘டேர்’ ஆகிவிட்டது. வேற்றுமை மாறியதன் அடையாளம் இது.

காரணம் எளிது. போகும் திசையைச் சொன்னால் ஒரு வேற்றுமை. இருக்கும் இடத்தைச் சொன்னால் வேறு வேற்றுமை. ஜெர்மானியர்களுக்கு ‘அன்கொமென்’ திசை அல்ல, இடம். ‘வந்து சேர்ந்தோம்’ என்றால் நமக்கு ‘ஊருக்கு’ என்று வாயில் வரும். அதற்குப் பதிலாக ‘ஊரில் வந்து இறங்கினோம்’ என்று மனத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். ‘இல்’ உருபு வந்துவிட்டால் ஜெர்மனும் சரியாக வரும்.

ரயில் இல்லாத ‘அன்கொமென்’

இந்த வினைக்கு வேறு பொருள்களும் உண்டு. அன்றாடம் காதில் விழுபவை இவை.

1. எஸ் கொம்ட் டராவ்ஃப் அன். ‘அதைப் பொறுத்தது.’ தெளிவான பதில் சொல்ல விரும்பாதவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் சொல்வது இது. எதைப் பொறுத்தது என்று சொல்ல வேண்டுமானால்: எஸ் கொம்ட் ஆவ்ஃப் டஸ் வெட்டர் அன். வானிலையைப் பொறுத்தது.

2. இதே அமைப்பு ‘முக்கியம்’ என்ற பொருளும் தரும். ஆவ்ஃப் டஸ் கெல்ட் கொம்ட் எஸ் நிஹ்ட் அன். பணம் முக்கியமில்லை.

3. டஸ் பூஹ் கொம்ட் பை டேன் கிண்டர்ன் கூட் அன். அந்தப் புத்தகம் குழந்தைகளிடம் நன்றாக எடுபடுகிறது. ஒரு பேச்சோ நகைச்சுவையோ கேட்பவரிடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை இப்படிச் சொல்வார்கள்.

4. கேகென் ஈன் கொமெ இஹ் நிஹ்ட் அன். அவனுக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்.

5. ‘அன்கெகொமென்’ என்பதை மனநிலைக்கும் சொல்வார்கள். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்து, அண்டை அயல் பழகி, இதுவும் நம் இடம் என்ற எண்ணம் வந்துவிட்டவர், தாம் இப்போதுதான் வந்து சேர்ந்ததாகச் சொல்வார். வண்டியிலிருந்து இறங்கிய நாளுக்கும் இந்த நாளுக்கும் நடுவே பல ஆண்டுகள் இருக்கலாம். சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இந்தப் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பிரியாத உறவினர்கள்

‘கொமென்’ குடும்பத்தில் எல்லாமே பிரியும் என்று எண்ணக் கூடாது. ‘மிட்கொமென்’ (கூட வருதல்) பிரியும்: கொம்ஸ்ட் டூ மிட்? நீ கூட வருகிறாயா? ‘ஃபோர்கொமென்’ (நிகழ்தல்) பிரியும். ஆனால் ‘பெகொமென்’ (பெறுதல்), ‘என்ட்கொமென்’ (தப்பித்தல்) இரண்டும் பிரியா. இவற்றில் அழுத்தம் ‘கொ’ மீது விழும். இறந்தகாலத்தில் ‘கெ’ சேராது. ‘பெகொமென்’ கேட்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஆகுதல்’ என்று பொருள்படும் சொல் போல இருக்கும், பொருளில் சம்பந்தமில்லை. ‘இஹ் பெகொமெ’ என்றால் ‘எனக்குக் கிடைக்கிறது’ என்றுதான் பொருள்.

பயிற்சி

சில சொற்கள்: டேர் ப்ரீஃப் – கடிதம், ஹொய்ட்டெ – இன்று, வீர் வொலென் – நாங்கள் விரும்புகிறோம், இஹ் ரூஃபெ டிஹ் அன் – உன்னைத் தொலைபேசியில் கூப்பிடுகிறேன், வென் – போது.

முதல் நான்கையும் ஜெர்மனில் சொல்லுங்கள். ஐந்தாவதைத் தமிழில் சொல்லுங்கள்.

1. கடிதம் இன்று வந்து சேரும் என்று எனக்குத் தெரியும்.
2. கடிதம் இன்று வந்து சேரும்.
3. கடிதம் வந்து சேர்ந்துவிட்டது.
4. எட்டு மணிக்குப் பெர்லினில் வந்து சேர விரும்புகிறோம்.
5. இஹ் ரூஃபெ டிஹ் அன், வென் டேர் ட்ஸூக் அன்கொம்ட்.

விடைகள்:

1. இஹ் வைஸ், டஸ் டேர் ப்ரீஃப் ஹொய்ட்டெ அன்கொம்ட்.
2. டேர் ப்ரீஃப் கொம்ட் ஹொய்ட்டெ அன்.
3. டேர் ப்ரீஃப் இஸ்ட் அன்கெகொமென்.
4. வீர் வொலென் உம் அஹ்ட் ஊர் இன் பெர்லின் அன்கொமென்.
5. ரயில் வந்து சேரும்போது உன்னைக் கூப்பிடுகிறேன்.

ஐந்தாவதில் இரண்டு பிரியும் வினைகள் இருக்கின்றன. முதல் பாதி தனி வாக்கியம். ஆகவே ‘ரூஃபெ’ முன்னால் போய் ‘அன்’ பின்னால் நிற்கிறது. இரண்டாம் பாதி துணை வாக்கியம். ஆகவே ‘அன்கொம்ட்’ பிரியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை பாடத்தின் சாரத்தைப் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

பெற்றோருக்கு

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். வினையைக் கடைசியில் வைப்பது, காலத்தை இடத்துக்கு முன் சொல்வது, கடைசித் துண்டு வரும்வரை பொருளை முடிவு செய்யாமல் காத்திருப்பது, ஒருவரைப் பன்மையில் மரியாதையாக அழைப்பது – இவை நான்கும் ‘அன்கொமென்’ என்ற ஒரே வினைக்கு வேண்டியிருந்தன. நான்கும் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இந்தியிலும் மராத்தியிலும் கூட வினை கடைசியில்தான் வரும், அவையும் உதவும். ஆனால் பள்ளியில் ஜெர்மனை ஆங்கிலத்தின் வழியாகவே கற்றுத்தருவதால், பிள்ளை தன்னிடம் உள்ள இந்தக் கைமுதலை மறந்துவிட்டு, ஆங்கில வரிசையிலிருந்து சுற்றிக்கொண்டு போகிறது.

எனவே சுமையைக் குறைக்கத் தமிழை இறக்கிவைக்க வேண்டாம். இறக்கினால் சுமையோடு கருவியும் போய்விடும். உங்களுக்கு ஜெர்மன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மாலையில் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும்போது, “முதலில் இதைத் தமிழில் முழுசாகச் சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள். அரைகுறையாக அல்ல, ‘என்று’, ‘போது’, ‘வந்து சேரும்’ எல்லாம் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் ஜெர்மன் சொல்லை அதே வரிசையில் வைக்கட்டும். தனி வாக்கியமானால் எஞ்சினை மட்டும் முன்னால் கொண்டுவரட்டும். பத்து வாக்கியங்கள் இப்படிச் செய்தால் போதும். பதினோராவதைப் பிள்ளை உங்கள் உதவியில்லாமலே செய்யும்.